ஐந்து கிரெடிட்டின் விலை: பின்லாந்தில் கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவர்களும் உதவித்தொகை விதிகளும்

பின்லாந்தின் பல்கலைக்கழகச் சட்டத்தில் 10ஆம் பிரிவு இரண்டு கடமைகளை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. ஃபின்னிஷ், சுவீடிஷ் அல்லாத மொழியில் நடக்கும் இளநிலை, முதுநிலைப் படிப்புகளில் சேரும் மாணவர், ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கும் வெளியிலிருந்து வருபவராக இருந்தால், அவரிடம் பல்கலைக்கழகம் கட்டணம் வசூலிக்க வேண்டும். அவ்வாறு வசூலிக்கும் பல்கலைக்கழகம், அந்த மாணவர்களுக்குத் துணைசெய்யும் உதவித்தொகை ஏற்பாடு ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. எத்தனை பேருக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே எழுதிக்கொள்ளும் விதித்தொகுப்பில் அடங்குகிறது. மாணவர் பார்க்கும் சேர்க்கைக் கடிதத்தில் 50 விழுக்காடு, 100 விழுக்காடு என்று எண் பெரிதாகத் தெரியும். அந்த எண் இரண்டாம் ஆண்டிலும் நிலைக்குமா என்பது விதித்தொகுப்பின் இரண்டு மூன்று வரிகளில் முடிவாகிறது. இந்த ஆய்வு அந்த வரிகளைப் பற்றியது.

பின்னணி

நார்டிக் நாடுகள் நெடுங்காலம் வெளிநாட்டு மாணவர்களுக்கும் இலவசமாகவே உயர்கல்வி தந்தவை. டென்மார்க் 2006இலும், சுவீடன் 2011இலும், பின்லாந்து 2017இலும், நார்வே 2023இலும் அந்த வழக்கத்தைக் கைவிட்டன. சுவீடன் எடுத்த முடிவின் விளைவு அண்டை நாடுகள் அனைத்துக்கும் பாடமானது: கட்டணம் வந்த 2011 இலையுதிர்காலப் பருவத்தில், கட்டணத்துக்கு உட்பட்ட நாடுகளிலிருந்து தாமாக விண்ணப்பித்து வரும் புதிய மாணவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சரிந்தது. அங்கே தொடக்கத்திலிருந்தே கட்டணம் கல்விக்கான முழுச் செலவையும் ஈடுகட்ட வேண்டும் என்பது விதி; உதவித்தொகைக்கான பணத்தை அரசு தனியாக ஒதுக்குகிறது. விண்ணப்பிப்பதற்கே 900 குரோனர் செலுத்த வேண்டும்.

பின்லாந்து மெதுவாக இறங்கியது. 2010 முதல் 2014 வரை சில முதுநிலைப் படிப்புகளில் மட்டும் சோதனை முறையில் கட்டணம் வசூலிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத் திருத்தத்தை ஏற்றது. 2017 ஆகஸ்ட் 1 முதல் கட்டணம் கட்டாயமானது. ஆண்டுக்குக் குறைந்தது 1,500 யூரோ என்று சட்டம் தளத்தை மட்டும் வகுத்ததே தவிர உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. 1,500 யூரோவில் நின்ற பல்கலைக்கழகத்தைத் தேடிக் காண்பது அரிது; ஆண்டுக்கு 8,000 யூரோவுக்கும் 18,000 யூரோவுக்கும் இடைப்பட்ட தொகைகளே பரவலாக நிலைபெற்றன. முனைவர் பட்டப் படிப்புக்கும், ஃபின்னிஷ் அல்லது சுவீடிஷ் மொழியில் படிப்போருக்கும் கட்டணம் இல்லை.

யார் கட்டண மாணவர் என்பதில் ஒரு நுணுக்கம் பலரை ஏமாற்றுகிறது. பின்லாந்தின் வதிவிட அனுமதிகளில் ஏ வகை தொடர் அனுமதி. பி வகை தற்காலிக அனுமதி. முன்பு மாணவர்களுக்கு பி வகையே கிடைத்தது. 2022 ஏப்ரலில் விதி மாறி, பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் படிப்பின் முழுக் காலத்துக்கும் ஏ அனுமதி வழங்கப்படுகிறது. ஏ அனுமதி உள்ளவருக்குக் கட்டணம் இல்லை என்று பழைய அறிவுரைகளைப் படித்துவிட்டு நம்புவோர் உண்டு. விலக்கு கிடைப்பது படிப்பு அல்லாத வேறு காரணத்துக்காக, அதாவது வேலை, குடும்பம் போன்ற காரணங்களுக்காக ஏ அனுமதி பெற்றவருக்குத்தான். படிப்பதற்கென்றே வழங்கப்பட்ட அனுமதி, எழுத்து ஏ ஆனாலும், கட்டணத்திலிருந்து விடுவிப்பதில்லை. அதே வேளையில் படிப்பின் நடுவே ஒருவரது அனுமதியின் அடிப்படை மாறினால் கட்டணக் கடமையும் மாறக்கூடும். அத்தகையவர் உடனே பல்கலைக்கழகத்துக்கு ஆவணம் காட்ட வேண்டும். தானாக யாரும் கணக்கைத் திருத்திக் கொடுப்பதில்லை.

உதவித்தொகை என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வகைகள் புழங்குகின்றன. மதிப்பெண்ணும் விண்ணப்பத்தின் தரமும் பார்த்துச் சேர்க்கையோடு வழங்கப்படும் கட்டணக் குறைப்பு முதல் வகை. குறித்த நாளுக்குள் இடத்தை ஏற்றுப் பணம் செலுத்துவோருக்குக் கொடுக்கப்படும் தள்ளுபடி இன்னொன்று; பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களில் இது மிகுதி. என் பார்வையில் இதை உதவித்தொகை என்பது சற்றுத் தாராளமான பெயர்; இது முன்பதிவுச் சலுகை. மூன்றாவது, கல்வி அமைச்சின் நிதியோடு முதுநிலை மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பின்லாந்து ஸ்காலர்ஷிப். அது முதலாம் ஆண்டுக் கட்டணத்தையும், குடிபெயர்வதற்கென 5,000 யூரோவையும் தந்தது. முதுநிலை என்பது இரண்டு ஆண்டு. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு மாணவர் மறுபடியும் தம் பல்கலைக்கழகத்தின் விதித்தொகுப்பையே நாட வேண்டியிருந்தது.

ஒரு மாணவியின் கணக்கு

விதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைகின்றன என்பதைக் காண, தென்னாசியாவிலிருந்து வரும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். அண்மை ஆண்டுகளில் பின்லாந்தில் மாணவர் அனுமதி கோருவோரில் வங்காளதேசம், நேபாளம், இலங்கை, இந்தியா ஆகிய நாட்டவர் முன்வரிசையில் இருப்பதால், இது எட்டாத கற்பனை அன்று. அவர் சேர்வது இரண்டு ஆண்டு, 120 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) கொண்ட முதுநிலைப் படிப்பு. ஆண்டுக் கட்டணம் 13,000 யூரோ. அவருக்குக் கிடைத்தது 50 விழுக்காட்டுக் குறைப்பு. முதலாம் ஆண்டில் 55 கிரெடிட் முடித்தால் மட்டுமே இரண்டாம் ஆண்டிலும் அது தொடரும். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. 55 கிரெடிட் நிபந்தனை மட்டும் என் கற்பனை அன்று. அது பின்லாந்தின் பல்கலைக்கழகங்களில் மீண்டும் மீண்டும் காணப்படுவது.

முதல் முடிச்சு வசந்தகாலத்தில் விழுகிறது. பின்லாந்தில் ஒரே பருவத்தில் தொடங்கும் பட்டப்படிப்புகளில் ஒருவர் ஓரிடத்தை மட்டுமே ஏற்கலாம். ஏற்றபின் மனம் மாறி வேறோர் இடத்துக்குத் தாவ முடியாது. ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகை முடிவைச் சேர்க்கை முடிவோடு சேர்த்து அறிவிக்கிறது; இன்னொன்றின் முடிவு சில வாரங்கள் கழித்து வருகிறது. முன்பதிவுச் சலுகையின் கெடு முதலில் வந்துவிட்டால், முழுக் கட்டண விலக்குக் கிடைக்கக்கூடிய இடத்தின் பதிலுக்குக் காத்திருப்பதா, கையில் இருக்கும் சிறு தள்ளுபடியைப் பிடித்துக்கொள்வதா என்று மாணவர் முடிவெடுத்தாக வேண்டும். விரைவில் பணம் செலுத்துவோருக்குச் சலுகை தரும் விதியும், ஓரிடம் மட்டுமே என்னும் விதியும் தனித்தனியே நியாயமானவைதான். சேரும்போது, முடிவுகளை முந்தி அறிவிக்கும் நிறுவனத்தின் பக்கமே தராசு சாய்கிறது.

அடுத்தது வதிவிட அனுமதி. அதற்கு விண்ணப்பிக்கும் மாணவர் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 800 யூரோ வீதம், முதலாம் ஆண்டுக்கு 9,600 யூரோ தம் பெயரிலுள்ள கணக்கில் இருப்பதைக் காட்ட வேண்டும். மாமாவோ சித்தப்பாவோ பொறுப்பேற்பதாக எழுதித் தரும் கடிதம் செல்லாது. 50 விழுக்காட்டு உதவித்தொகை கட்டணத்தைத்தான் குறைக்கிறது. இந்த 9,600ஐத் தொடுவதில்லை. ஆகவே நம் மாணவி முதலாம் ஆண்டுக்கு முன்கூட்டியே திரட்ட வேண்டிய தொகை 6,500ஐயும் 9,600ஐயும் கூட்டினால் 16,100 யூரோ. காப்பீடு, விமானச் சீட்டு, வீட்டு முன்பணம் இவையெல்லாம் இதற்கு மேல். பாதிக் கட்டணம் குறைந்தது என்று வீட்டில் மகிழ்ந்தாலும், முழுக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்த முதலாம் ஆண்டின் மொத்தச் சுமையான 22,600 யூரோவில் அது குறைத்தது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழேதான். பின்லாந்து ஸ்காலர்ஷிப்பின் 5,000 யூரோ இந்த வகையில் நேர்மையான ஏற்பாடு. மாதம் 800 என்ற கணக்கில் ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும் பணம் அது.

அனுமதிக்கான விண்ணப்பத்தை இணையவழி கொடுத்தாலும், அடையாளத்தை நேரில் சென்று உறுதிப்படுத்த வேண்டும். அதற்கான நேர ஒதுக்கீடு கிடைப்பதிலும், பின்னர் முடிவு வருவதிலும் வாரங்கள் கழிகின்றன. வகுப்புகள் ஆகஸ்ட் இறுதியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பமாகிவிடும். இங்கேதான் குடியேற்றத் துறையின் கால அட்டவணையும் உதவித்தொகை விதியும் மோதுகின்றன.

பின்லாந்தில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட்; அதற்கு 1,600 மணி நேர உழைப்பு என்பது அடிப்படைக் கணக்கு, அதாவது ஒரு கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 27 மணி நேரம். ஒரு பாடம் பெரும்பாலும் 5 கிரெடிட். ஆண்டு நான்கு அல்லது ஐந்து கற்பித்தல் காலங்களாகப் பிரிந்திருக்கும். நான்காகப் பிரிந்த ஆண்டில் ஒவ்வொன்றிலும் மூன்று பாடங்கள் முடித்தால்தான் 60 வரும். 60க்கும் 55க்கும் இடையேயுள்ள நெகிழ்ச்சி ஒரே ஒரு பாடம். மாணவி செப்டம்பர் கடைசியில் வந்து சேர்ந்தால், வருகை கட்டாயமான பாடங்களும் குழுவேலை ஏற்கெனவே தொடங்கிவிட்ட பாடங்களும் முதல் காலத்தில் கைநழுவும். அப்படி இரண்டு பாடங்கள் போனாலே அவர் எட்டக்கூடிய உச்சம் 50 ஆகிவிடுகிறது. பின்வரும் காலங்களில் நான்காவது பாடம் ஒன்றைச் சேர்த்து எடுத்துத்தான் அவர் 55ஐத் தொட முடியும். சட்டம் முதலாம் ஆண்டில் விடுப்பாகப் பதிவுசெய்ய ஏற்கும் காரணங்கள் மூன்று: ராணுவ சேவை, மகப்பேறு மற்றும் பெற்றோர் விடுப்பு, சொந்த நோய். அனுமதி தாமதமானது அந்தப் பட்டியலில் இல்லை.

55இல் எவை சேரும் என்பதும் கவனத்துக்குரியது. கல்வியாண்டு சட்டப்படி ஆகஸ்ட் 1இல் தொடங்கி ஜூலை 31இல் முடிகிறது. பல விதித்தொகுப்புகளில் கெடுவும் அந்த ஜூலை 31தான். அந்த நாளில் கிரெடிட் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குத் தக்க அது சிசு என்ற அமைப்பாகவோ பெப்பி என்ற அமைப்பாகவோ இருக்கும். தேர்வு எழுதியதோ கட்டுரையைச் சமர்ப்பித்ததோ அங்கே கணக்காவதில்லை. மே மாதம் ஒப்படைத்த கட்டுரையை ஆசிரியர் கோடை விடுமுறைக்குப் பின் திருத்தினால், அந்த 5 கிரெடிட் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். ஆகஸ்டில் வரும் மறுதேர்வும் அவ்வாறே. முன்பு வேறிடத்தில் படித்ததற்காக மாற்றித்தரப்படும் கிரெடிட்டுகளைப் பல இடங்களில் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மதிப்பீட்டில் பிழை என்று கருதினால் முடிவு தெரிந்த 14 நாட்களுக்குள் திருத்தம் கோரலாம். இந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது, மாணவர்கள் அரிதாகவே பயன்படுத்துகிறார்கள்.

இப்போது விலை. 13,000 யூரோவை 60ஆல் வகுத்தால் ஒரு கிரெடிட்டின் கட்டணம் 217 யூரோவுக்கு அருகில்; 5 கிரெடிட் பாடம் ஒன்று ஏறத்தாழ 1,083 யூரோ. மாணவி 50 கிரெடிட்டில் நின்றுவிட்டால் அவர் இழப்பது இரண்டாம் ஆண்டின் 6,500 யூரோ முழுவதும். தவறியது ஒரே ஒரு பாடம். தண்டம் ஆறு பாடங்களின் விலை. 30 கிரெடிட் மட்டுமே முடித்தவரும், 50 முடித்தவரும் ஒரே தொகையை இழக்கிறார்கள். படிப்பில் முன்னேற வேண்டும் என்ற ஊக்கத்துக்காக வைத்த விதி, இலக்கு நழுவிவிட்டது என்று மார்ச் மாதத்திலேயே உணர்ந்த மாணவருக்கு மீதிப் பாடங்களை முடிக்க எந்தத் தூண்டுதலையும் தருவதில்லை. கூடுதல் 6,500 யூரோவைத் தேட அவர் வேலைக்குப் போகவே அது தள்ளுகிறது. அனுமதியும் வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் வேலைசெய்ய இடம்தருகிறது. வாரம் 40 மணி நேரம் கேட்கும் படிப்பின் மேல் அந்த 30 மணி நேரம் ஏறும்போது இரண்டாம் ஆண்டின் கிரெடிட்டுகளும் ஆட்டம் காண்கின்றன. கட்டணம் செலுத்தாதவரை இரண்டாம் ஆண்டுக்குப் படிக்கும் மாணவராகப் பதிவு செய்ய இயலாது. பதிவு இல்லையேல் படிப்பு நகராது. படிப்பு நகராவிட்டால், முழுக் காலத்துக்கும் வழங்கப்பட்ட வதிவிட அனுமதியையே குடியேற்றத் துறை மறுபரிசீலனை செய்யலாம்.

55 என்ற எண்

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று விதித்தொகுப்புகள் சொல்வதில்லை. ஆனால் பின்லாந்தின் உயர்கல்வி நிர்வாகத்தில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2010களில் அரசு பல்கலைக்கழகங்களுக்கு நிதியைப் பங்கிட்ட சூத்திரத்தில், ஓராண்டில் குறைந்தது 55 கிரெடிட் முடித்த மாணவர்களின் எண்ணிக்கை ஒரு தனி அளவுகோலாக இருந்தது. அத்தகைய மாணவர்கள் எத்தனை பேரோ அதற்கேற்ப நிறுவனத்துக்குப் பணம் வந்தது. ஆகவே ஒவ்வொரு கல்விப் பிரிவும் இந்த எண்ணைக் கண்ணில் வைத்தே மாணவர்களை நகர்த்தியது. கட்டணமும் உதவித்தொகை விதிகளும் எழுதப்பட்டது அந்தக் காலத்தில்தான். 2021 முதல் நடைமுறைக்கு வந்த நிதிச் சூத்திரத்தில் 55 கிரெடிட் அளவுகோல் நீக்கப்பட்டு, முடிக்கப்பட்ட பட்டங்களுக்கு முதன்மை தரப்பட்டது. அரசு கைவிட்ட எண் மாணவர்களின் கட்டணக் கடிதங்களில் இன்னும் உயிரோடிருப்பதை வெறும் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. நிறுவனத்தின் வருவாய்க்கான அளவுகோல் ஒன்று, தனிமனிதரின் தகுதிக்கான அளவுகோலாக இடம் மாறியிருக்கிறது.

உள்நாட்டு மாணவரோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். சமூகக் காப்பு நிறுவனமான கேலா வழங்கும் மாணவர் உதவிக்கான முன்னேற்ற நிபந்தனை, உதவி பெறும் மாதம் ஒன்றுக்குச் சராசரியாக 5 கிரெடிட். ஒன்பது மாதத்துக்கு 45. குறைந்தால் முதலில் விளக்கம் கேட்கிறார்கள். நோய் போன்ற காரணங்கள் கருத்தில் கொள்ளப்படுகின்றன. அந்த உதவிக்கு, படிப்பதற்காக மட்டும் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டு மாணவர் தகுதி பெறுவதில்லை. ஃபின்னிஷ் மொழி தெரிந்த, அமைப்பு பழகிய, பெற்றோர் வீடு பேருந்தில் எட்டும் தொலைவில் இருக்கும் மாணவருக்கு 45. புதிய நாட்டில், புதிய கற்பித்தல் முறையில், முதல் ஆண்டிலேயே ஒருவருக்கு 55. உதவித்தொகை தகுதிக்கானது, கேலாவின் உதவி வாழ்வாதாரத்துக்கானது, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்று பல்கலைக்கழகத் தரப்பு சொல்லலாம். அந்த வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் தகுதியை அளப்பதே நோக்கமானால், எத்தனை கிரெடிட் என்பதோடு எத்தகைய மதிப்பெண் என்பதையும் பார்க்க வேண்டும். பல விதிகளில் மதிப்பெண் கேட்கப்படுவதே இல்லை. ஐந்துக்கு ஐந்து வாங்கி 50 கிரெடிட் முடித்தவர் வெளியே, எல்லாவற்றிலும் தேறுவதற்கான கடைசி மதிப்பெண்ணான ஒன்று வாங்கி 55 முடித்தவர் உள்ளே.

மாற்று வழி கடினமானதன்று. 55க்குக் கீழே செங்குத்தாக வெட்டாமல், 45இலிருந்து படிப்படியாக உயரும் விகிதத்தில் குறைப்பைக் கணக்கிடலாம். மேலே கண்ட எடுத்துக்காட்டில் 50 கிரெடிட் முடித்தவருக்கு 6,500இல் பாதியேனும் நிற்கும். வதிவிட அனுமதி பல்கலைக்கழகம் குறித்த வருகை நாளுக்குப் பின் வழங்கப்பட்டிருந்தால், தவறிய கற்பித்தல் காலத்தின் அளவுக்கு இலக்கைக் குறைக்கலாம். அனுமதி வழங்கப்பட்ட நாள் ஆவணத்திலேயே இருப்பதால் இதில் ஏய்ப்புக்கும் வழியில்லை. பதிவேட்டு நாளுக்குப் பதிலாகத் தேர்வு எழுதிய அல்லது பணியை ஒப்படைத்த நாளை எடுத்துக்கொள்வது, ஆசிரியரின் விடுமுறைக்கு மாணவர் விலை கொடுப்பதை நிறுத்தும். மூன்றுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. 10ஆம் பிரிவு ஏற்கெனவே எல்லாவற்றையும் பல்கலைக்கழகத்தின் கையில்தான் விட்டிருக்கிறது.

2026க்குப் பின்

2023இல் அமைந்த அரசு, சுவீடனைப் போல முழுச் செலவையும் ஈடுகட்டும் கட்டணத்துக்கு மாறுவதாகத் தன் திட்டத்தில் எழுதியது. அதன்படி 2026 ஆகஸ்ட் 1 முதல் படிப்பைத் தொடங்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள மாணவர்களிடம் முழுச் செலவுக் கட்டணம் வசூலிக்க வேண்டும்; விண்ணப்பிப்பதற்கும் 100 யூரோ கட்டணம் வந்துவிட்டது. உதவித்தொகை தரும் வாய்ப்பு பல்கலைக்கழகங்களுக்கு இன்னும் இருக்கிறது. ஆயினும் விழுக்காட்டில் சொல்லப்படும் உதவித்தொகையின் பொருள் இதனால் மாறுகிறது: 13,000 யூரோவில் 50 விழுக்காடு போக மாணவர் செலுத்துவது 6,500, கட்டணம் 18,000 ஆனால், அதே 50 விழுக்காடு போக 9,000. கடிதத்தில் எண் மாறாமலே செலவு 2,500 யூரோ கூடியிருக்கும், 55ஐத் தவறவிட்டவரின் இழப்பும் அவ்வளவே கூடியிருக்கும். ஆகவே விழுக்காட்டை வைத்துப் பல்கலைக்கழகங்களை ஒப்பிடுவோர், குறைப்புக்குப் பின் இரண்டு ஆண்டுக்கும் கையிலிருந்து போகும் யூரோவைக் கூட்டி ஒப்பிடுவது நல்லது. உதவித்தொகை தொடர்ந்தால் எவ்வளவு, தொடராவிட்டால் எவ்வளவு என்று இரண்டு தொகைகளாக.

மூன்றாவது தொகை ஒன்றும் உண்டு. அதைச் சேர்க்கைக் காலத்தில் யாரும் கணக்கிடுவதில்லை. முதுநிலையின் 120 கிரெடிட்டில் 30 பெரும்பாலும் ஆய்வேட்டுக்கு உரியது. இரண்டு ஆண்டு இலக்குக்கு மேலும் இரண்டு ஆண்டு படிக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது, ஆனால் உதவித்தொகை பொதுவாக இலக்குக் காலத்தோடு முடிகிறது. நிறுவனம் ஒன்றில் வேலைசெய்தபடி அங்கேயே ஆய்வேடு எழுதுவது பொறியியல், வணிகப் படிப்புகளில் வழக்கம். நிறுவனத்தின் கால அட்டவணை பல்கலைக்கழகத்தின் ஜூலை 31ஐப் பொருட்படுத்துவதில்லை. ஆய்வேடு செப்டம்பருக்குத் தள்ளிப்போனால் மாணவர் ஐந்தாம் செமஸ்டருக்குப் பதிவுசெய்ய வேண்டும், அதற்கான கட்டணத்தையும் செலுத்த வேண்டும். அதைச் செமஸ்டர் அளவில் வசூலிப்பார்களா, முழு ஆண்டுக்குமா, எஞ்சிய கிரெடிட்டுக்கு ஏற்பவா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுகிறது. இடத்தை ஏற்பதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய கேள்விகளில் இது முதலாவது. 55 கிரெடிட்டில் எவை சேரும், எந்த நாள்வரை சேரும் என்பது அடுத்தது.